எண்ணும் பொறியை நாம் கற்ற வரலாறு

நேயர்களே, தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்துள்ள நம்மவர்க்கு ஆண்டுதோறும் தவறாது வரும் கவலை ஒன்று உண்டு. கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல இரயிலில் இடம் கிடைக்குமா என்பதே அக்கவலை. 1980களின் நடுப்பகுதி வரையில் நம் பெற்றோர் இதன் பொருட்டு விடியுமுன்னே எழுந்து நிலையத்திற்குச் சென்று வரிசையில் நின்றனர். வண்டிக்கொரு பேரேடு, பேரேட்டுக்கொரு சாளரம் என்பது அந்நாளைய ஏற்பாடு. ஒரு வண்டியில் இடமில்லை என்று அறிந்தவர், மற்றொரு வண்டிக்காக வேறொரு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். இன்றோ வீட்டுக் கூடத்தில் அமர்ந்தவாறே கைப்பேசியின் வாயிலாக அவ்வேலையை முடித்துவிடலாம். ஆயினும் நம்மில் வயது முதிர்ந்தோர் பலர் அக்கைப்பேசியைப் பேரப்பிள்ளையிடமோ தெருமுனைக் கடைக்காரரிடமோ நீட்டி, "இதைக் கொஞ்சம் பார்த்துச் செய்து கொடுப்பா" என்று கேட்டு நிற்கின்றனர். வரிசை ஒழிந்தது, காத்து நிற்பது மட்டும் ஒழியவில்லை.

கணிப்பொறி என்பது இளையோர்க்கும், ஆங்கிலத்தில் தேர்ந்தோர்க்கும், பொறியியல் பயின்றோர்க்கும் மட்டுமே கைவரும் வித்தை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கலைப்பட்டம் பெற்று மொழிபெயர்ப்புத் தொழிலில் புகுந்த நமக்கும் அவ்வெண்ணம் நெடுநாள் இருந்ததுண்டு. நம் நாட்டில் இப்பொறியை முதன்முதலாகக் கற்றவர்கள் யாவர், அவர்கள் எவ்வாறு கற்றனர், எவ்வாறு பிறர்க்குக் கற்பித்தனர் என்னும் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தாதது என்பது விளங்கும்.

வரலாறு கல்கத்தாவில் தொடங்குகிறது. பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1931-இல் அந்நகரில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், விடுதலைக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு வேண்டிய கணக்கு வேலைகளில் ஈடுபட்டது. நாட்டின் விளைச்சல், மக்களின் செலவு, தொழிற்சாலைகளின் உற்பத்தி ஆகியவற்றைப் பற்றிய எண்கள் மலை மலையாக வந்து குவிந்தன. கையாற் சுழற்றும் கணக்கிடு கருவிகளைக் கொண்டு அவற்றைக் கூட்டிப் பெருக்கி முடிப்பதென்பது எளிதன்று. ஆகவே 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி. 2 எம் என்னும் கணிப்பொறி தருவிக்கப்பட்டது. நம் நாட்டில் நிறுவப்பட்ட முதல் மின்னணுக் கணிப்பொறி அதுவே. ஓர் அறையை அடைத்துக்கொண்ட அப்பொறி தன் காந்த உருளையில் ஏறத்தாழ ஆயிரம் எண்களையே நினைவில் வைத்துக்கொள்ள வல்லதாயிருந்தது. இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியின் நினைவோடு அதனை ஒப்பிடுவது கடலோடு கைச்சிரங்கை நீரை ஒப்பிடுவதாகும். அந்தச் சிறிய நினைவில் தம் கணக்கை அடக்குவதற்கு, ஒவ்வொரு கட்டளையையும் எண்ணி எண்ணி எழுதும் சிக்கனத்தை அங்குள்ளோர் கற்றுக்கொண்டனர்.

கல்கத்தாவில் பொறி விலைக்கு வாங்கப்பட்ட அதே காலத்தில், பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் அத்தகைய பொறியொன்றைத் தாமே கட்டத் துணிந்தனர். டாக்டர் ஹோமி பாபாவின் தலைமையில் இயங்கிய அக்கழகத்தில் 1954-இல் வந்து சேர்ந்தவர் ஆர். நரசிம்மன். 1926-இல் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர் அவர். அவரோடு சேர்ந்து உழைத்த இளைஞர்கள் அதற்கு முன் கணிப்பொறி எதனையும் இயக்கிப் பழகியவர் அல்லர். நூல்களையும் அறிக்கைகளையும் படித்து, சுற்றுகளைக் காகிதத்தில் வரைந்து, வரைந்ததை இணைத்து, இணைத்தது பழுதுபட்டால் மீண்டும் வரைந்து அவர்கள் கற்றனர். 1956-இல் சிறிய முன்னோடிப் பொறியொன்று இயங்கிற்று. 1960-இல் முழுப்பொறி பணிக்கு வந்தது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

டிஃப்ராக்கில் 2,700 வெற்றிடக் குழல்களும், 1,700 ஜெர்மேனியம் டையோடுகளும், 12,500 மின்தடைகளும் இருந்தன. அதன் நினைவகம் நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது. ஒவ்வொரு வளையத்தையும் இரு திசைகளுள் ஒன்றில் காந்தமாக்கலாம். ஒரு திசையை ஒன்று என்றும் மற்றதைச் சுழியம் என்றும் கொண்டால், வளையங்களின் வரிசை ஓர் எண்ணைக் குறிக்கும். ஐந்து என்னும் எண்ணை 101 என்று மூன்று வளையங்களில் எழுதிவிடலாம். வலமிருந்து முதல் வளையம் ஒன்றையும், இரண்டாவது இரண்டையும், மூன்றாவது நான்கையும் குறிக்கும். நான்கும் ஒன்றும் சேர்ந்து ஐந்து. கணிப்பொறிக்குத் தெரிந்த எழுத்துகள் இவ்விரண்டே. குழல்கள் மறைந்து டிரான்சிஸ்டர்கள் வந்தன. அவையும் சுருங்கிச் சில்லுகளாயின. அவ்விரண்டு எழுத்துகள் மட்டும் மாறவில்லை.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் இப்பொறி ஆராய்ச்சியாளர் சிலர்க்கே எட்டியதாக இருந்தது. அதனைப் பலர்க்கும் பொதுவான கல்வியாக்கிய பெருமை கான்பூரைச் சேரும். அங்கு 1959-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதின் கூட்டுதவியால் வந்த பொறி அது. அதனோடு வந்த அறிஞர்களுள் ஹாரி ஹஸ்கி என்பவர், உலகின் தொடக்ககாலக் கணிப்பொறிகளுள் ஒன்றாகிய எனியாக்கில் பணியாற்றியவர்.

விலையுயர்ந்த பொறியைக் கண்ணாடி அறையில் பூட்டி, தேர்ந்த இயக்குநர் ஒருவரன்றிப் பிறர் தொடலாகாது என்று விதிப்பதே அக்காலத்துப் பல இடங்களின் வழக்கம். கான்பூரார் அவ்வாறு செய்யவில்லை. தம் மாணவர் அனைவர்க்கும், அவர் எத்துறையைச் சார்ந்தவராயினும், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் முறையைக் கற்பித்தனர். அதனோடு அமையாது, நாட்டின் பல பகுதிகளிலுமிருந்து ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் பொறியியலாரையும் வரவழைத்து, பத்து நாள் பயிற்சி வகுப்புகளை நடத்தினர். வந்தவர்களுள் மாணவப் பருவத்தைக் கடந்து ஆண்டுகள் பல பணியாற்றியவர்களும் இருந்தனர். கணிப்பொறியை முதன்முதலாகக் கண்ணாற் கண்டதே அவ்வகுப்பில்தான் என்போர் அவருட் பலர். பத்து நாளில் அவர்கள் தம் துறைக் கணக்கொன்றைத் தாமே எழுதி இயக்கிப் பார்த்து ஊர் திரும்பினர். திரும்பியவர் தத்தம் நிலையங்களில் பிறர்க்குக் கற்பித்தனர்.

அவ்வகுப்புகளில் கற்பிக்கப்பட்டது யாது? ஃபோர்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழியின் சொற்கள் சிலவே. ஆயினும் அச்சொற்களினும் அடிப்படையானது, ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லும் பழக்கம். இதனை நாம் நன்கறிந்த இரயில் சீட்டைக் கொண்டே விளக்குவோம். பெட்டி ஒன்றில் 72 படுக்கைகள் உள்ளன என்று கொள்வோம். அதற்குரிய கட்டளைகள் இவை. முதலாவது: இருக்கும் இடம் 72 என்று குறித்துக்கொள். இரண்டாவது: பயணி ஒருவர் வந்தால், இருக்கும் இடம் சுழியமா என்று பார். மூன்றாவது: சுழியமாயின், அவர் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுது. நான்காவது: சுழியம் அன்றெனில், சீட்டைக் கொடுத்து, இருக்கும் இடத்தில் ஒன்றைக் கழி. ஐந்தாவது: மீண்டும் இரண்டாவது கட்டளைக்குச் செல்.

இவ்வைந்தும் எழுத்தறிந்த எவர்க்கும் விளங்குவனவே. ஆனால் நான்காம் கட்டளையில் "ஒன்றைக் கழி" என்பதை எழுத மறந்தால் என்ன ஆகும்? மனிதராகிய எழுத்தர், பெட்டி நிறைந்துவிட்டதைக் கண்டு தாமே நிறுத்திவிடுவார். பொறியோ எழுபத்து மூன்றாமவர்க்கும் சீட்டளிக்கும், ஆயிரமாமவர்க்கும் அளிக்கும். சொன்னதைச் செய்வது அதன் இயல்பு. சொல்லாததை ஊகிப்பது நம் பொறுப்பு. கணிப்பொறிக் கல்வியின் முதற்பாடம் இதுவே. இதனைக் கற்பதற்குக் காகிதமும் பென்சிலும் போதும்.

உண்மையில் அந்நாளைய மாணவர்கள் காகிதத்தில்தான் கற்றனர். எழுதிய கட்டளைகளை, வரிக்கொரு அட்டையாக, 80 நிரல்கள் கொண்ட அட்டைகளில் துளையிட வேண்டும். அட்டைக்கட்டை ஒப்படைத்தபின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி பிழையாயினும் பொறி அதனை ஏற்காது திருப்பிவிடும். கட்டு கைதவறிக் கீழே விழுந்து அட்டைகள் கலைந்தாலோ, வரிசையைச் சீர்செய்வதிலேயே பொழுது கழியும். பொறியின் நேரம் அரிதாதலின், பொறியை அணுகுமுன் தம் கட்டளைகளைத் தாமே மனத்திற்குள் இயக்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு உண்டாயிற்று. பற்றாக்குறை அவர்களைப் பொறுமையுள்ள மாணவராக்கியது எனலாம்.

கான்பூரில் இக்கல்வியை வளர்த்தவர்களுள் ஒருவரை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். பேராசிரியர் வி. இராஜாராமன் 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். ஆயினும் பள்ளிப்படிப்பைப் புதுதில்லியில், அங்குக் குடியேறிய நம்மவர் தம் பிள்ளைகளுக்கென நடத்திய மதராசி கல்விச் சங்கத்தின் பள்ளியில் முடித்தவர். இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று நாம் அறிவது அச்சங்கத்தின் வழிவந்ததே. தூய ஸ்டீபன் கல்லூரியிலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், பின்னர் அமெரிக்காவிலும் பயின்று அவர் கான்பூர் வந்து சேர்ந்தார். 1965-இல் கணிப்பொறி இயலை ஒரு பிரிவாகக் கொண்ட முதுநிலைப் பொறியியல் படிப்பு அங்குத் தொடங்கப்பட்டதில் அவர் பங்கு பெரிது. வகுப்புக்கென எழுதிய குறிப்புகளை விரித்து, கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் நெறிகளைப் பற்றி அவர் இயற்றிய நூல் 1969-இல் வெளிவந்தது. எளிய ஆங்கிலத்தில், நடுத்தரக் குடும்பத்து மாணவர் வாங்கத்தக்க விலையில் வந்த அந்நூலைக் கொண்டே நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் இவ்வித்தையில் அடியெடுத்து வைத்தனர். பொறியை அணுக வாய்ப்பற்ற ஊர்களிலும் அந்நூல் சென்று சேர்ந்தது.

இவ்வளர்ச்சியை எல்லோரும் மகிழ்வோடு வரவேற்றனர் என்று கூறினால் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவராவோம். 1960களின் நடுவில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தார் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது, கல்கத்தாவில் ஊழியர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஒரு பொறி வந்தால் எத்தனை எழுத்தர்களின் நாற்காலி பறிபோகுமோ என்னும் அவர்களது அச்சம் பொருளற்றதன்று. எழுத்தர் வேலையை நம்பி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நம்மவருள்ளும் பல. இவ்வினாவை ஆராய்ந்த தாண்டேகர் குழுவின் அறிக்கை 1972-இல் வெளிவந்தது. வங்கிகளில் நிர்வாகத்தாரும் ஊழியர் சங்கத்தாரும் கணிப்பொறிகளைப் பற்றி ஓர் உடன்பாட்டிற்கு வந்தது 1983-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில், பொறியைப் புகுத்துவதாயின் ஊழியரைக் கலந்தே புகுத்த வேண்டும், அவர்க்குப் பயிற்சி அளித்தே புகுத்த வேண்டும் என்னும் நியாயம் நிலைபெற்றது. கற்பிக்காது திணிக்கப்படும் கருவி பகையாகவே தோன்றும் என்பது இப்போராட்டம் விட்டுச்சென்ற படிப்பினை.

அதன்பின் 1985 நவம்பரில், புதுதில்லியில் இரயில் முன்பதிவுக்குக் கணிப்பொறி சோதனை முறையில் பயன்படுத்தப்பட்டது. 1980கள் முடிவதற்குள் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்களும் கணிப்பொறிக்கு மாறின. பேரேடுகளோடு பழகிய எழுத்தர்களே திரையின் முன் அமர்ந்து புதிய முறையைக் கற்றனர். எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாம் என்னும் நிலை உண்டாயிற்று. 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று முழுமையாக இணைந்தன. தில்லியில் நிற்பவர் சென்னையிலிருந்து திரும்பும் சீட்டையும் அங்கேயே எடுத்துக்கொள்ள அவ்விணைப்பு வழிசெய்தது. 2002-இல் இணையத்தின் வாயிலாகவே சீட்டுப் பெறும் ஏற்பாடு வந்தது. நம் ஐந்து கட்டளைகள் இவ்வாறு நாடளாவிய பணியாக வளர்ந்தன.

எஞ்சியது மொழி. எண்களை மட்டுமே அறிந்த பொறி தமிழை எவ்வாறு அறியும்? ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் குறித்து, அதனை எல்லோரும் ஒப்புக்கொள்வதே வழி. இவ்வொப்புதல் இல்லாவிடின் நேரும் துன்பத்தை நாம் பட்டறிந்துள்ளோம். பணியில் சேர்ந்த புதிதில், நாள் முழுதும் தட்டச்சிட்டு முடித்த தமிழாக்கம் ஒன்றை வேறோர் அலுவலகத்திற்கு அனுப்பினோம். பெற்றவர் தொலைபேசியில் அழைத்து, "தமிழ் வரும் என்று பார்த்தால் கட்டமும் கோடுமாக வந்திருக்கிறதே, ஐயா" என்றார். நம் பொறியிலிருந்த எழுத்துருவில் ஓர் எண் குறித்த எழுத்து வேறு. அவர் பொறியில் அதே எண் குறித்த உரு வேறு. இருவர் பொறியும் பழுதற்றவையே, உடன்பாடுதான் இல்லை. அன்று மாலை அத்தமிழாக்கம் காகிதத்தில் அச்சாகி, ஆள் மூலம் சென்றது.

இவ்வுடன்பாட்டுக்கான முயற்சி 1980களில் அதே கான்பூரில் உருப்பெற்றது. இந்திய மொழிகளின் எழுத்துகளைக் கணிப்பொறித் திரையில் காட்டும் நுட்பம் அங்கு உருவாகி, பின்னர் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்தது. 1991-இல் இந்திய மொழிகளுக்குரிய இஸ்கி குறியீடு நாட்டின் தரமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் உலக மொழிகள் அனைத்திற்குமான யூனிகோடு வெளிவந்து, தமிழுக்கும் அதில் இடம் வகுக்கப்பட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை அமைந்தது. யூனிகோட்டில் அகரத்தின் எண் 2949. ஆகாரத்தின் எண் 2950. இவ்வெண்களை நாம் மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. ஆனால் கொல்கத்தாவில் தட்டிய அகரம் சென்னையிலும் அகரமாகவே தோன்றுவதன் காரணம் அவ்வெண்ணே என்பதை அறிந்தால், எழுத்துச் சிதைந்து தோன்றும்போது பொறியையும் நம்மையும் நொந்துகொள்ளாது, பிழை இன்னவிடத்தில் உள்ளது என்று தேடத் தெரியும்.

இவ்வரலாற்றால் நாம் பெறுவது என்ன? நம் நாட்டில் கணிப்பொறியை முதலிற் கற்றவர்கள் பிறவியிலேயே அதனை அறிந்தவர் அல்லர். பொறியைக் காணாமலே காகிதத்தில் கற்றனர்; பிழைபட்டுக் கற்றனர்; தொழிலின் நடுவே, குடும்பத்தின் நடுவே கற்றனர். கற்றதைப் பூட்டி வையாது பிறர்க்கும் ஈந்தனர். அவர்களுக்கிருந்த தடைகளில் பாதியும் இன்று நமக்கில்லை. திரை நம் கையில் இருக்கிறது. தமிழும் அத்திரையில் இருக்கிறது.

கல்லாமையின் விலையோ இன்று மிகுந்துவிட்டது. வங்கிக் கணக்கும், குடும்ப அட்டையும், 2014 முதல் ஓய்வூதியரின் வாழ்நாள் சான்றிதழும் இப்பொறியின் வழியே நடக்கலாயின. தம் கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் அறிமுகமற்றவர் கையில் ஒப்படைப்பவர், வீட்டுச் சாவியையே ஒப்படைக்கிறார். பிற மாநிலத்தில், மொழியும் முழுதும் வசப்படாத இடத்தில் வாழும் நமக்கு இவ்விடர் இருமடங்கு. கேட்டுத் தெரிந்துகொள்வதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் "செய்து கொடு" என்று கேட்பதை விடுத்து, "எப்படிச் செய்வது என்று காட்டு, அடுத்த முறை நானே செய்கிறேன்" என்று கேட்போம்.

ஆகவே நேயர்களே, இவ்வாண்டுக் கோடையில் ஊருக்குச் செல்லும் சீட்டை, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, நம் விரலாலேயே எடுத்துப் பார்ப்போம். முதல் முறை பிழை நேரலாம். அட்டைக்கட்டைக் கைதவற விட்டவர்களும் அப்படித்தான் கற்றனர். இரண்டாம் முறை சரியாக வந்தபின், அடுத்த வீட்டு முதியவரை அழைத்து அவர்க்கும் காட்டுவோம். கான்பூர் வகுப்பிலிருந்து ஊர் திரும்பியவர்கள் செய்ததும் அதுவே.